காக்கைக்குச் சொந்தமான தூரம்

பயன்கோங்கோரில் எங்கள் பள்ளிக்கு வரும் இணையம்
ஒட்டகம் மாதிரி; தனக்குத் தோன்றினால்தான் எழும்.
அதனால் முதல்நாள் இரவே
உருண்டையைக் கணினிக்குள் இறக்கி வைத்தேன்,
எங்கள் மாவட்டத்தை மட்டும் தெளிவாக.
மிச்ச உலகம் மங்கலாகவே சுழன்றது.
யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஏழாம் வகுப்பு, பதினெட்டுப் பேர்.
பதினான்கு பேர் மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகள்,
விடுதியில் தங்கிப் படிப்பவர்கள்.
பாடம்: அளவுகோல் கருவி.
வீட்டிலிருந்து பள்ளிவரை அளந்து எழுதுக
என்று பலகையில் எழுதினேன்,
கெர் கூடாரத்துக்குக் கால் உண்டு என்பதை மறந்து.
"எந்த வீடு டீச்சர்,
கோடை வீடா, குளிர்கால வீடா?"

துவ்ஷின் இழுத்த கோடு எண்பத்து மூன்று கிலோமீட்டர் காட்டியது.
அதைப் பார்த்து அவனே சிரித்தான்.
"இது காக்கைக்குச் சொந்தமான தூரம்.
நடுவில் ஆறு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
அப்பாவோடு பேசாத ஒருத்தருடைய கிணறு.
நாங்கள் சுற்றித்தான் போவோம்."
சுற்றிய கோடு நூற்றுப்பத்து வந்தது.
பேசாமல் இருப்பதற்கு இருபத்தேழு கிலோமீட்டர் என்று
நோட்டில் தனி வரி போட்டான்.
முழு மதிப்பெண் கொடுத்தேன்.

நொமுன்தாரி கோடே இழுக்கவில்லை.
மலை சரிவாகி, சரிவு புல்லாகி,
புல் கட்டம் கட்டமாய் உடையும்வரை
உள்ளே உள்ளே போனாள்.
ஒரு வெள்ளை வட்டம்.
பக்கத்தில் கல்லடுக்கிய பட்டி.
அதற்குத் தெற்கே
யாரோ கைதவறி உப்பைச் சிந்தியதுபோல்
பொடிப்பொடியாய் வெள்ளை.

"ஆடுகள்" என்றாள்.

மூலையில் படம் எடுத்த தேதி இருந்தது.
இரண்டு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர்.
அந்தக் குளிர்காலத்தை
நாங்கள் வெள்ளை சுத் என்கிறோம்.
பனிக்குமேல் பனி இறுகிப் பாறையானது,
குளம்பால் உடைக்க முடியவில்லை,
கீழே புல் இருந்தது.
வசந்தத்தில் அவள் அப்பா
தெற்கே நிலக்கரி லாரி ஓட்டப் போனார்.

சுவருக்குப் போய்ப் பென்சில் முனையால் எண்ணினாள்.
ஐம்பதைத் தாண்டியதும் இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள்.
"அது கல்."
"எங்கள் சரிவில் வெள்ளைக் கல் கிடையாது."
"இதை ஏற்கெனவே எண்ணியாச்சு."
"எண்ணலை."
இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.
"மூன்று குறைகிறது" என்றாள்,
பிறகு அவளே,
"பட்டி நிழலில் நின்றிருக்கும்."

புதுப் படம் வந்தால் இது போய்விடுமா என்று கேட்டாள்.
போகாது, அடியில் இருக்கும்,
இந்தப் பட்டையைப் பின்னால் இழுத்தால் வரும் என்றேன்.
முன்னால் இழுத்துப் பார்த்தாள்.
இன்றைக்கு வந்து முட்டி நின்றது.

அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தினாள்.
பெயர் கேட்டது; நாயின் பெயரை அடித்தாள்: பசார்.
வகை கேட்டது:
உணவகம், பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, தங்கும் விடுதி.
"விடுதின்னு போடு" என்றான் துவ்ஷின்,
"ஒரு ராத்திரி அங்கே தங்கியிருக்கோம்.
கறி நிறைய. காசே வாங்கலை."
அவள் அன்று சிரித்தது அதற்குத்தான்.
விடுதி என்றே போட்டாள்.

மணி அடித்து எல்லோரும் சூப்புக்கு ஓடினார்கள்.
ப்ரொஜெக்டரை அணைக்கக் கை நீட்டினேன்.
சுவருக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே நின்று
அவள் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.
சட்டை முதுகில், தோள்பட்டைக்குக் கீழே,
நாற்பது ஐம்பது ஆடுகள்
அவள் குனியும்போதெல்லாம் இடம் மாறி மேய்ந்தன.

நான் அணைக்கவில்லை.
பதினொன்றே காலுக்கு
வழக்கம்போல் மின்சாரம் போனது.